மாத்திரை எதுவும் இல்லை என்றாள் அம்மா

அத்தியாயம் 9

வேக்ஸ் ஸ்ட்ரிப்பில் ஒட்டிக்கொண்டு வந்தது முடி மட்டும் இல்லை.

அக்கா கத்தவில்லை. அதுதான் எனக்கு முதலில் பயமாக இருந்தது. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி, கண்ணை மூடி, வாயைத் திறந்து, சத்தமே வராமல் கிடந்தாள். மேலுதட்டுக்கு மேலே, மூக்கின் ஓரத்திலிருந்து கன்னம் வரை, ஈரமாக, வெளிர்சிவப்பாக ஏதோ மின்னியது.

"ஆத்தி!" என்றாள் பார்லர் பெண் சத்யப்ரியா. கையிலிருந்த ஸ்ட்ரிப்பைத் திருப்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, எங்கள் கண்ணில் படாமல் மடக்கிக்கொண்டாள். "பாப்பா, அந்த ஃப்ரிட்ஜ்ல தண்ணி இருக்கு, எடுத்துட்டு வா. ஓடு!"

ஓடினேன். பாட்டில் மூடி லேசில் திருக வரவில்லை. பல்லால் கடித்துத் திறந்தேன்.

"என்னடி பண்ணுன என் பிள்ளைய?" அம்மாவின் குரல் அந்தச் சின்ன அறையின் கண்ணாடிகளில் எல்லாம் மோதியது.

"எப்பவும் போடுற வேக்ஸ்தாம்மா. சூடு கூட என் கையில தடவிப் பாத்துட்டுத்தான்..."

"தடவிப் பாத்தியோ! ஞாயித்துக்கிழமை நிச்சயம் வச்சிருக்கேன்டி! நீ தடவிப் பாத்த லட்சணமா இது?"

சத்யப்ரியா என் கையிலிருந்த பாட்டிலை வாங்கினாள். பஞ்சை நனைத்து அக்காவின் முகத்தருகே கொண்டுபோனாள். தொடவும் பயம், தொடாமல் இருக்கவும் பயம். பஞ்சிலிருந்து தண்ணீர் அக்காவின் கழுத்தில் சொட்டியது.

திட்டிக்கொண்டிருந்த அம்மா நடுவில் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்காதே என்று சொல்லும் பார்வை.

நான் திறக்கவில்லை.

பயத்தில் எனக்கு எல்லாம் முன்னும் பின்னுமாக வருகிறது. முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருவரும் படுத்துவிட்டார்கள். உங்களை விட்டால் இதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

ஸ்டீபன் வீட்டார் சமயநல்லூரிலிருந்து வந்து, ஜெஸி அக்காவைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் தரையில் நடக்கவில்லை. அப்பா போன பிறகு அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மிஷன் பள்ளி ஆபீசில் கிளார்க்காக இருக்கும் என் அம்மா ஜோசபின், வேலை முடிந்து வரும்போது ஜெபமாலையை உருட்டியபடி வருவாளே தவிர, பாடிக்கொண்டு வரமாட்டாள். இந்த வாரம் பாடிக்கொண்டு வந்தாள். ஞாயிறு நிச்சயம். அதற்கடுத்த ஞாயிற்றிலிருந்து கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பார்கள். ஜெஸி, ஸ்டீபன் என்று இரண்டு பெயரையும் சாமியார் மைக்கில் சேர்த்துப் படிப்பதைக் கேட்க வேண்டும், அப்புறம் செத்தாலும் சரி என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே மேலுதட்டிலும் தாடையிலும் கொஞ்சம் முடி உண்டு. அம்மா வேலை பார்க்கும் அதே பள்ளியில் அவள் ஐந்தாம் வகுப்புக்கு டீச்சர். "டீச்சர், நீங்க ஷேவ் பண்ணுவீங்களா?" என்று ஒரு பையன் வகுப்பில் எழுந்து கேட்டிருக்கிறான். "நீ மொதல்ல வீட்டுப்பாடத்தப் பண்ணு, நான் அப்பறம் சொல்றேன்" என்றாளாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்து பாத்ரூமுக்குள் போனவள் வெளியே வர வெகுநேரம் ஆனது.

முடியைவிட அம்மாவுக்குப் பெரிய கவலை அக்காவின் பருக்கள். குழி குழியாக விழும் பருக்கள். அதற்காகத் தோல் டாக்டரிடம் காட்டி, சில மாதங்களாக மாத்திரை ஓடுகிறது. அந்த மாத்திரை பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்.

போன வருடம் திண்டுக்கல்லில் ஒரு வரன் கூடிவந்தது. பூ வைக்க நாள் பார்க்கும் நேரத்தில் அவர்கள் பக்கத்து ஆள் ஒருவர், தோல் டாக்டர் வீட்டு வராண்டாவில் அம்மாவையும் அக்காவையும் பார்த்துவிட்டார். பருவுக்குப் போனார்கள் என்று யார் நினைப்பார்கள்? செய்தி திண்டுக்கல் போய்ச் சேர்வதற்குள் அது வெண்குஷ்டம் ஆகிவிட்டது. அதன்பிறகு அங்கிருந்து போனே இல்லை. தரகர்தான் பிறகு ஒருநாள் காரணம் சொன்னார்.

அன்றிலிருந்து அம்மா ஒரு சட்டம் போட்டாள். கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் மாத்திரை கண்ணில் படக்கூடாது. அக்காவின் மாத்திரை கால்சியம் டப்பாவுக்குக் குடிபோனது. காலியான அட்டைகளை அம்மா ஹேண்ட்பேக்கில் போட்டு எடுத்துப்போய், ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு குப்பைத்தொட்டியில் போடுவாள். எங்கள் தெருவில் குப்பை வாங்க வரும் முருகம்மாள் அக்காவுக்குக்கூடத் தெரியக்கூடாது.

"நான் என்னமோ கஞ்சா அடிக்கிற மாதிரில்ல ஒளிக்கிற" என்று அக்கா கிண்டல் செய்வாள்.

"சிரிடி, சிரி. கழுத்துல தாலி ஏறட்டும், அப்பறம் கோபுரத்துல ஏறி நின்னு முழுங்கு."

நிச்சயத்துக்கு போட்டோ எடுக்கிறவர் முகத்தைக் கிட்டத்தில் வைத்து எடுப்பார் என்பதால், கை, முகம் எல்லாம் வேக்சிங் செய்துவிடலாம் என்று அம்மாதான் முடிவெடுத்தாள். பள்ளிக்கூடத்தில் யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்தாள். நிச்சயத்துக்கு முந்தின நாள் செய்யக்கூடாது, சிவப்பு தெரியும், வெள்ளிக்கிழமையே செய்துவிட வேண்டும். முடி கொஞ்சம் வளர்ந்திருந்தால்தான் பிடிக்கும், அதனால் த்ரெட்டிங் வேண்டாம். அன்றைக்கு பவுடர் போடாதே, எண்ணெய் தொடாதே. அக்கா எல்லாவற்றையும் பரீட்சைக்குப் போகிற பிள்ளைபோல் கடைப்பிடித்தாள். இரண்டு பேரும் லீவு போட்டார்கள். துணைக்கு வருகிறேன் என்று சொல்லி நானும் ப்ளஸ் டூ ஸ்பெஷல் கிளாசுக்கு மட்டம் போட்டேன்.

பார்லர் எங்கள் ஞானஒளிவுபுரத்திலேயே, தெரு திரும்பினால் வந்துவிடும். சத்யப்ரியாவுக்கு அக்காவைவிட வயது குறைவு. வாய் ஓயாது.

"வாங்கக்கா, கல்யாணப் பொண்ணு! என் கை பட்டா போதும், பூவு மாதிரி வரும் பாருங்க. மாப்ள எந்த ஊரு?"

"சமயநல்லூர்" என்றாள் அக்கா.

"அட, நம்ம ஊரு! நான் தெனமும் அங்கருந்துதான பஸ் ஏறி வாரேன். எந்த வீடு? பேரு ஸ்டீபனா? கரண்டு ஆபீஸ்ல இருக்காகளே, அந்த அண்ணனா? ஐயோ அக்கா, அவக அம்மாவுக்கு நான்தான் புருவம் எடுத்துவிடுவேன்! நல்ல மாமியாருக்கா. கொஞ்சம் சத்தம் கூட, அம்புட்டுதான்."

அக்கா சிரித்தாள். அம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு மட்டும் அப்படியே உறைந்துபோனதை நான் பார்த்தேன்.

சத்யப்ரியா வேக்சைக் கலக்கிக்கொண்டே, மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் கேட்டாள். "சுகர் இருக்கா? முகத்துக்கு க்ரீம் எதுவும் போடுறீகளா? தோலுக்கு, பருவுக்கு மாத்திரை எதுவும் சாப்பிடுறீகளா?"

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள்.

"மாத்திரை எதுவும் இல்ல" என்றாள் அம்மா. "என் பிள்ளைக்கு ஒரு தலவலி காய்ச்சல்கூட வராது."

அக்கா மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டாள். நான் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டேன்.

கை முடிந்தபோதே சத்யப்ரியா நிறுத்தினாள். "என்னக்கா, இம்புட்டு செவக்குது? அம்மா, மொகத்துக்கு நூல்லயே எடுத்து விட்டுறவா? எனக்கு என்னமோ..."

"நூல்ல எடுத்தா ரெண்டு நாள்ல முள்ளு மாதிரி எட்டிப் பாக்கும். போடும்மா. செவந்தா செவக்கட்டும், ஞாயித்துக்கிழமைக்குள்ள போயிரும்ல?"

"போயிரும்..." என்று இழுத்தாள் சத்யப்ரியா. பிறகு அக்காவின் மேலுதட்டில் வேக்சைத் தடவினாள்.

மீதியை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

துப்பட்டாவால் முகத்தைச் சுற்றி, தெருமுனைதான் என்றாலும் ஆட்டோ பிடித்து அக்காவைக் கொண்டுவந்தோம். வீட்டுக்குள் நுழைந்தபோது கரண்ட் இல்லை. அம்மா கதவைச் சாத்தினாள், ஜன்னலைச் சாத்தினாள். பிறகுதான் டாக்டருக்குப் போன் போட்டாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போடவில்லை. அவசரத்தில் அவள் விரல் பட்டு அதுவாக ஸ்பீக்கருக்கு மாறிவிட்டது.

"வேக்சிங்கா?" டாக்டரின் குரல் உயர்ந்தது. "என்னங்க நீங்க! இந்த மாத்திரை ஓடுறப்ப தோல் மெலிஞ்சு போயிருக்கும். வேக்ஸ் போட்டா முடியோட தோலும் சேந்து வந்துரும். இதையெல்லாம் அன்னைக்கே சொல்ல ஆரம்பிச்சேன். நீங்க எங்க நின்னு கேட்டீங்க? யாரோ வாராங்கன்னு சீட்டை வாங்கிட்டு ஓடுனீங்க."

அம்மா ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள்.

"பார்லர்ல கேட்டிருப்பாங்களே, மாத்திரை எடுக்குறீங்களான்னு?"

"கேக்கல டாக்டர்" என்றாள் அம்மா.

கட்டிலில் படுத்திருந்த அக்கா மெதுவாகத் தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள்.

டாக்டர் சொன்னதை எல்லாம் நான்தான் மனதில் வாங்கிக்கொண்டேன். பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியை லேசாக ஒற்ற வேண்டும். அவர் பேர் சொன்ன ஆயின்மென்ட், அதற்கு மேல் வாசலின். பவுடர், மஞ்சள், மேக்கப் எதுவும் கிட்டே வரக்கூடாது. வெயிலில் தலை காட்டக்கூடாது. பொருக்குத் தட்டினால் பிய்க்கக்கூடாது. புண் பத்து நாளில் ஆறிவிடும். கறுப்புத் தழும்பு மறைய மாதக்கணக்கு ஆகலாம்.

"நாளைக்கு நேர்ல கூட்டிட்டு வாங்க, பாத்துட்டுச் சொல்றேன்."

"நாளைக்கா?" என்றாள் அம்மா. யார் கண்ணில் படுவோமோ என்றுதான் அந்த நேரத்திலும் அவள் யோசித்தாள். பிறகு, "வாரோம் டாக்டர்" என்றாள்.

மத்தியானம் முழுக்க கரண்ட் வரவில்லை. என் பரீட்சை அட்டையை எடுத்து அம்மா அக்காவுக்கு விசிறிக்கொண்டே இருந்தாள். கை மாற்றக்கூட இல்லை. நான் வாங்கி விசிறுகிறேன் என்றதற்கும் தரவில்லை. அக்காவின் கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கும்போதெல்லாம், அது புண்ணில் பட்டு எரியாமல் முந்தானை நுனியால் காதுப் பக்கமாகத் துடைத்துவிட்டாள்.

"அழாதடி. உப்புத்தண்ணி பட்டா எரியும்."

அக்கா ஏதோ சொல்ல முயன்றாள். அம்மா என்று கூப்பிட இரண்டு உதடும் சேர வேண்டும். அவளால் சேர்க்க முடியவில்லை. கொஞ்ச நேரம் விட்டு, வலியோடு சேர்த்துவிட்டாள்.

"அம்மா. அந்தப் பொண்ணு கேட்டுச்சு."

"தெரியும்."

"நானும் சும்மா இருந்துட்டேன்."

"நீ சும்மா இருந்தது எனக்காகத்தான. உன் மேல பாவம் இல்ல" என்றாள் அம்மா. விசிறல் நிற்கவில்லை. "எல்லாம் என் மேலதான்."

சாயங்காலம் ஸ்டீபன் வீடியோ காலில் கூப்பிட்டார். அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள். மறுபடியும் அடித்தது. மூன்றாம் முறை அம்மாவின் போனுக்கே வந்துவிட்டது.

"அத்தை, ஜெஸி போன எடுக்கலயே, ஒடம்புக்கு எதுவும் முடியலயா?"

அம்மா நன்றாகத்தான் ஆரம்பித்தாள். "ஒண்ணுமில்ல தம்பி" என்றாள். அடுத்த வார்த்தைக்குள் உடைந்துவிட்டாள். "பார்லர்ல ஒரு பொண்ணு மொகத்தச் சுட்டுருச்சு தம்பி. என் பிள்ள மொகத்த..."

"எந்த பார்லர்? யாரு?"

அம்மா சொன்னாள்.

"சத்யப்ரியாவா? நம்ம ஊரு சின்னச்சாமி அண்ணன் மகளா?" அவர் தன் அம்மாவைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. "நீங்க அழாதீக அத்தை. நான் பாத்துக்கிறேன்."

அவர் பார்த்துக்கொண்டார். கரண்ட் வந்து, அம்மா இட்லித்தட்டை அடுப்பில் ஏற்றும் நேரத்தில் மறுபடி கூப்பிட்டார். அவருடைய அம்மாவே பார்லர் ஓனருக்குப் போன் போட்டு நன்றாகக் கேட்டுவிட்டாராம். இனி அந்தப் பெண் அங்கே வேலைக்கு வரமாட்டாளாம்.

"ஜெஸிகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிருங்க அத்தை. மொகத்தப் பாத்து நான் சரின்னு சொல்லல. கட்டுப் போட்டுக்கிட்டு வந்தாலும் ஞாயித்துக்கிழமை நிச்சயம் நடக்கும்."

அக்கா அதைக் கேட்டுவிட்டாள். எழுந்து உட்கார்ந்தாள். முகத்தில் வாசலின் பளபளத்தது.

"இம்புட்டு நல்ல மனுசன்கிட்ட உண்மையச் சொன்னா என்னம்மா? பருவுக்கு மாத்திரை சாப்பிட்டேன்னு சொன்னா ஓடிருவாரா?"

"ஓட மாட்டாருடி." அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். "காலையில சொல்லியிருந்தா ஓட மாட்டாரு. இப்ப அவுக அம்மாவ விட்டு ஒரு பிள்ளையோட வேலையைப் பறிக்க வச்சாச்சு. இனிமே போயி, நாங்கதான் பொய் சொன்னோம்னு சொன்னா? மாத்திரைக்காக விட மாட்டாக ஜெஸி. பொய்க்காக விட்டுருவாக. திண்டுக்கல் வரன் போனப்ப நாம ஒரு தப்பும் பண்ணல. இதுல பண்ணியிருக்கோம்."

"அதுக்கு அந்தப் பொண்ணு..."

"அதுக்குக் கை வேலை தெரியும். இன்னொரு எடத்துல பொழச்சுக்கும். உனக்கு இன்னொரு எடம் வருமா?"

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். காயம் இருந்த பக்கம் தலையணையில் படாமல், கழுத்தைத் தூக்கியபடியே படுத்திருந்தாள். பார்க்கிற எனக்கே கழுத்து வலித்தது. அம்மா தட்டில் வைத்த இட்லியை யாரும் தொடவில்லை.

அப்போதுதான் கேட் சத்தம் கேட்டது.

அம்மா ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். உடனே விட்டாள். "அந்தப் பொண்ணுதான். நீ போ பெர்சி. அக்கா தூங்குதுன்னு சொல்லி அனுப்பிரு. வேற எதுவும் பேசாத."

சத்யப்ரியா கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். காலையில் அவ்வளவு பேசியவள் இப்போது மெதுவாகத்தான் பேசினாள். கையில் ஒரு பை. சோற்றுக் கற்றாழை மடல்கள் அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன.

"அக்கா எப்படி இருக்கு பாப்பா?"

"தூங்குறா."

"ரொம்ப எரியுதா?"

நான் தலையாட்டினேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள், அவள் முகத்தில்தான் எரிகிறது என்பதுபோல.

"இத டாக்டர்ட்ட கேட்டுட்டுப் போடுங்க. கேக்காமப் போட்றாதீக. நான் இனி எதுவும் தைரியமாச் சொல்ல மாட்டேன்." பையைக் கேட் கம்பி வழியாக நீட்டினாள். "உள்ள விட மாட்டாகன்னு தெரியும். விடச் சொல்லவும் வரல. அக்காட்ட ஒரு மன்னிப்பு கேட்டுட்டுப் போவோம்னுதான் வந்தேன். நிச்சயத்துக்கு இருந்த பிள்ளையோட மொகம்... எங்கப்பா கேட்டுட்டு, என் கையால சோறுகூட வாங்கிச் சாப்பிட மாட்டேங்கிறாரு."

பையை வாங்கிக்கொண்டேன். மடல்கள் ஈரமாக இருந்தன. எனக்குப் பின்னால் ஜன்னல் திரைக்கு அந்தப் பக்கம் அம்மா நிற்கிறாள் என்று தெரியும். அவள் மூச்சு எனக்குக் கேட்டதாக நினைத்தேன். அக்காவின் அறையில் லைட் எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது.

"நாளைக்கு மொத பஸ்சுக்கு வாரேன் பாப்பா, ஓனரம்மாவப் பாக்க. வேலைய திரும்பக் கேக்கல. ஆனா பஸ்சுல வர்றப்ப எல்லாம் யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். சூடு சரியாத்தான் இருந்துச்சு. முடி வளந்த பக்கம் பாத்துத்தான் தடவுனேன். எடுத்தது எதிர்ப்பக்கம்தான். கேக்க வேண்டியதெல்லாம் கேட்டேன். பின்ன எங்க போச்சு? அது தெரியாம இன்னொரு பிள்ள மொகத்துல நான் எப்படிக் கை வைப்பேன்?"

கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"நீ பக்கத்துலயேதான நின்ன. ராத்திரி யோசிச்சு நாளைக்குச் சொன்னாலும் சரி. நீ சொன்னா நம்புவேன். நான் எதுல பாப்பா தப்புப் பண்ணுனேன்?"